மாமனாரும் கணவரும் மோதாத சண்டை

மேடைக்கு நேர் எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் என் மாமனார், இன்னொன்றில் என் கணவர். நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். காலையில் ஒரே பாத்திரத்து சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியவர்கள்தான். வந்த இடத்தில் எதிராளிகள் ஆக்கிவிட்டார்கள்.

மேடையில் தொங்கிய பேனரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: "மாணிக்கமா? சேகரா?"

மாணிக்கம் என் மாமனார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளுக்குள் குத்துச்சண்டை நடந்த காலத்தில், பல வருஷம் தோற்காதவர். சேகர் அவருடைய மகன், என்னைக் கட்டியவர். அடுத்த தலைமுறையில் மாவட்ட சாம்பியன். இரண்டு பேரும் இருபத்தைந்து வயதில் ஒரே ரிங்கில் நின்றிருந்தால் யார் ஜெயிப்பார்? அதுதான் அந்தக் காணும் பொங்கல் சாயங்காலத்தின் பட்டிமன்றத் தலைப்பு.

விளையாட்டுக்கு வைத்த தலைப்பு இல்லை. எங்கள் தெரு பாக்ஸிங் கிளப்புக்குப் புதிதாக ஷெட் கட்டி முடித்திருந்தார்கள். தகரக் கூரை, சிமெண்ட் தரை, நான்கு மூலையிலும் கம்பம் நட்ட நிஜமான ரிங். வாசலில் ஊரின் பெரிய வீரர் பெயரில் போர்டு மாட்டுவதென்று முடிவானது. எந்த வீரர் என்பதில்தான் வந்தது வினை. இரண்டு பெயரையும் போட்டுவிடலாமே என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அதற்கும் ஒரு சண்டை.

கடைசியில் கிளப் செயலாளர் இம்தியாஸ் பாய் ஒரு வழி சொன்னார். "பட்டிமன்றம் வெச்சுடலாம்பா. ஜெயிக்கிற பேரு போர்டுல. பேஜார் வுட்டுது." நம் ஆட்களுக்குத் தீராத வழக்கு எதுவானாலும் மைக்கும் மணியும் இருந்தால் போதுமே!

அன்று மத்தியானம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் கணவர் சொன்னார். "தேவகி, எனக்கு போர்டு வந்தா சந்தோஷந்தான். ஆனா அதவிட, எங்கப்பா வாயால ஒரே ஒருவாட்டி 'நீ என்னைவிட நல்லா ஆடுனடா'ன்னு சொல்லிட்டா போதும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் நாற்பது பேரை மேய்க்கிறவர். இதைச் சொல்லும்போது இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேலேயே மறந்து வைத்துவிட்டார். சட்டை தீயாமல் காப்பாற்றியது நான்.

டீக்கடைத் தராசு

இந்த வழக்கு அன்றைக்கு ஆரம்பித்ததில்லை. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வாரமே டீக்கடையில் இதைக் கேட்டிருக்கிறேன். பால் வாங்கப் போனால் பால் ஊற்றுகிறவன் கை நின்றுவிடும். மாணிக்கத்தின் இடதுகைக் குத்தா, சேகரின் காலாட்டமா என்று நான்கு பேர் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

"அந்தக் காலத்துல கிளவுஸு ஏது? தோல் வெட்டுல மிஞ்சின துண்டத் தெச்சு, உள்ள பஞ்ச அமுக்குனது. அதுல வாங்கினா தெரியும்" என்பார் ஒருவர். "அப்போ மூணு ரவுண்டு ஒழுங்கா ஆடினதே கெடையாது, சேகருக்குத்தான் மூச்சு ஜாஸ்தி" என்பார் அடுத்தவர். மண் தரையா மர மேடையா, கேழ்வரகுக் களியா முட்டையா, எல்லாவற்றிலும் தகராறு.

ஒன்றே ஒன்றில் மட்டும் தகராறு வந்ததில்லை. எடை. இரண்டு பேருமே அறுபது கிலோ பிரிவு. "அப்பனும் புள்ளயும் ஒரே எடை, ஆண்டவனே ஜோடி சேத்திருக்கான்" என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அதனால்தான் இந்தப் பேச்சே இத்தனை வருஷம் ஓடியது.

பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். "இன்னா சொன்னாலும் மாணிக்கம் தோத்ததே இல்லப்பா. சேகரு மெட்ராஸ் போயி தோத்துட்டு வந்தான்." அதற்குப் பிறகு டீ கிளாஸைக் கழுவும் சத்தம்தான் கேட்கும்.

மாநிலப் போட்டிக்கு மாமனார் ஏன் மெட்ராஸ் போகவில்லை? அதற்கும் ஊரில் பதில் தயாராக இருந்தது. முதலாளி லீவு தரவில்லையாம். அந்த முதலாளியை நானும் என் பங்குக்குக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். பாவம், அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிரியாணி வாசனையில் பட்டினி

என் கணவர் மெட்ராஸ் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மாநிலப் போட்டி. அறுபது கிலோவுக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுமாப்பிள்ளை விருந்தில் இவர் உடம்பு ஏறியிருந்தது.

எடை குறைக்கிறேன் என்று வீட்டில் சோறு நின்றது. பிறகு தண்ணீரும் நின்றது. விடிகாலையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பாலாற்று மணலில் ஓடுவார். வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சப்புவார். வாயில் ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்காமல் டம்ளரில் துப்புவார். உதடு வெடித்து வெள்ளையாகத் தோல் உரியும்.

உலகத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் பட்டினி கிடக்கலாம், ஆம்பூரில் கிடக்கக் கூடாது. காலை பத்து மணிக்கே பைபாஸ் பக்கம் பிரியாணி தம்மில் இருக்கும். காற்று எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினால் இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு படுப்பார். அவர் எதிரில் சாப்பிட மனம் வராமல் நான் அடுப்படியில் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு வருவேன்.

மாமனார் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை விடுவார். "நான் ஒரு நாளும் சோறு கொறச்சு ரிங்குல ஏறுனதில்ல. தின்னுட்டுப் போயி அடிச்சேன். இன்னாடா இது, விதவைப் பொம்பள விரதம் மாதிரி?"

எனக்கு அந்த நிமிஷம் குழம்புக் கரண்டியை எடுத்து வீசலாமா என்றிருந்தது. புது மருமகள், வாயை மூடிக்கொண்டேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எடை சரியாக நின்றது. அரையிறுதி வரைக்கும் போனார். அங்கே மூன்றாவது ரவுண்டில் கால் கெஞ்சிவிட்டது. பாயிண்ட்டில் தோற்று, ஜோலார்பேட்டை ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். வீட்டுப் படியேறியதும் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். மாமனார், "தோத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மைக் என் கைக்கு வந்தது

பட்டிமன்றத்துக்கு வருவோம். அணிக்கு மூன்று பேர். மாமனார் அணிக்கு சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார்கள். "புலிக்குப் பிறந்தது பூனை ஆகாது, ஒத்துக்கறேன். ஆனா, நடுவர் அவர்களே, புலி தோத்ததா சரித்திரம் இல்லை!" என்று அவர் கையை ஆட்டியதும் தெருவே கை தட்டியது. மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். எண்பதை நெருங்குகிற வயது. கை நடுங்கும், மீசையைத் தடவும்போது மட்டும் நடுங்காது.

என் கணவர் அணியில் மூன்றாவது பேச்சாளர் பேரணாம்பட்டிலிருந்து வர வேண்டியவர். ஏறிய பஸ் வழியில் பஞ்சராகி நிற்கிறது என்று போன் வந்தது. நடுவர் நாற்காலியில் இருந்த இம்தியாஸ் பாய் மணியைத் தட்டி, "சேகர் அணியில வேற யாராச்சும் பேசறீங்களா? இல்லன்னா தீர்ப்புக்குப் போய்டலாம்" என்றார்.

யாரும் எழவில்லை. என் கணவர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். மிஷின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறிவிட்டேன்.

"வா தங்கச்சி" என்று பாய் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்.

எனக்கு இடதுகைக் குத்தைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். மழைக்கோட்டைச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தை, டம்ளரில் துப்பிய எச்சிலை, பிரியாணி வாசனைக்கு ஜன்னல் சாத்தியதைச் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "அய்யோ பாவமே" என்றது கேட்டது.

"தோத்தாரு, தோத்தாருன்னு சொல்றீங்களே. போனவருதானே தோக்க முடியும்? ஊரைத் தாண்டாதவரு எங்க தோப்பாரு?" என்றேன். வக்கீல் எழுந்து ஆட்சேபணை என்றார். "இது கோர்ட்டு இல்ல சார், குந்துங்க" என்றேன். சிரிப்பு அடங்க நேரமானது.

கை தட்டல் வந்தால் வாய் நிற்குமா? மாமனாரை நேராகப் பார்த்தேன். "மாமா, நீங்களே சொல்லுங்க. அறுபது கிலோவுல நிக்கிறதுக்கு நீங்க ஒரு வேளையாச்சும் பட்டினி கெடந்தீங்களா?"

அவரை மடக்குவதற்காகக் கேட்டது அது. "நான் கெடக்கலயே, எனக்குத் தேவையில்ல" என்று பழைய பாட்டையே பாடுவார், அதை வைத்து இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

மாமனார் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, "அந்த மைக்க இங்க குடும்மா" என்றார்.

மேஸ்திரியின் வழக்கம்

கீழேயே நின்று பேசினார்.  அவர் சொன்னது இதுதான்.

அந்த நாளில் ஆளை நிறுத்தி எடை பார்க்க ஊரில் வேறு மிஷின் கிடையாது. தொழிற்சாலைக் குடோனில் தோல் நிறுக்கிற மிஷின்தான். போட்டியன்று வீரர்கள் அதில்தான் ஏறுவார்கள். நிறுத்துச் சொல்கிறவர் கரீம் மேஸ்திரி. நாள் முழுக்க ஈரத் தோல் நிறுக்கிற கை. ஈரச் சரக்கு வந்தால் முள் காட்டுகிற எடையில் தண்ணீருக்கும் உப்புக்கும் கழிவு போட்டு, மிச்சத்தை மட்டும் சத்தமாகச் சொல்வார். கணக்கு மனதுக்குள்ளேயே நடக்கும். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

"நான் தோல் ஊறப் போடுற சுண்ணாம்புக் குழியில வேல செஞ்சவன். வேலய வுட்டு அப்படியே சொட்டச் சொட்ட வந்து ஏறுவேன். முள்ளு அறுபத்திமூணுல நிக்கும். மேஸ்திரி என்னை ஒரு பார்வ பாப்பாரு. ஈரம். 'அறுபது'ன்னு கூவுவாரு. நெசமா எம்மேல இருந்த தண்ணி அரக் கிலோ கூட வராது. பாவம், அவரு ஏமாத்தல. கை பழக்கம், வாய் பழக்கம். வெளியூர்க்காரனுங்கோ பேண்ட்டு போட்டுக்கினு காஞ்சு வருவானுங்க. அவனுங்களுக்குக் கழிவு இல்ல."

பின் வரிசைக்காரர்கள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"மொத வாட்டி எனக்கே தெரியாது. ரெண்டாவது வாட்டி முள்ளப் பாத்தேன். சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் இன்னா பண்ணேன்னா, குழியில வேல இல்லாத நாள்ல கூட ரெண்டு கொடம் தண்ணிய ஊத்திக்கினு போயி ஏறுனேன்."

இம்தியாஸ் பாய் கையில் இருந்த மணியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மெட்ராஸுக்குக் கூப்ட்டாங்கோ. மொதலாளி லீவு குடுத்தாரு. நான்தான் போவல. அங்க கழிவு கெடையாதே. ரெண்டு மூணு கிலோ கம்மி உள்ளவனுங்களத்தான் நான் இத்தன வருசமா அடிச்சேன். இந்த ஊர வுட்டுப் போனா தெரிஞ்சு போய்டும்னு போவல."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். மைக் வாயை விட்டு விலகிவிட்டது, ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

"நீ எலுமிச்சம்பழத்தச் சப்பிக்கினு கெடந்தியே, அன்னிக்குச் சொல்லியிருக்கணும்டா. வாய் வர்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் உன்னத் திட்டிக்கினே சோத்தத் தின்னேன். சம எடையில நின்னா நீ என்ன அடிச்சிருப்பே. நீ என்னவிட நல்லா ஆடுனவன். பாய், போர்டுல அவன் பேரப் போடு."

பின்னாலிருந்து ஒருவன், "அப்போ கப்பெல்லாம் வாபஸ் குடுப்பியா பெர்சு?" என்று கத்தினான். என் கணவர் திரும்பி, "எவன்டா அவன்?" என்று எழுந்த எழுச்சியில் அந்தக் குரல் மறுபடி வரவில்லை.

இத்தனை வருஷம் எதைக் கேட்க ஏங்கினாரோ அதைக் கேட்டுவிட்டார். ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்வார் என்று தெருவே எதிர்பார்த்தது. நானும் எதிர்பார்த்தேன். அவர் கட்டிக்கொள்ளவில்லை. குறைந்தபட்சம் "என் பேரு வேணாம்" என்றாவது சொல்வார் என்று பார்த்தார்கள். அதையும் சொல்லவில்லை. "போடுங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் தட்டைப் போட்டேன். "எனக்குச் சோறு வேணாம்" என்றார். கூடத்தில் மாமனாரும் தன் தட்டைத் தள்ளி வைத்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. சமைத்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று எவருக்காவது நினைப்பிருந்ததா?

துண்டு

அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "உன் மாமனாரு மாத்திர போட்டாரா கேளு." "அவன் வண்டிக்கு பெட்ரோல் போட்டானா கேளு." ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூத்து.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் என் கணவரிடம் கேட்டேன். "கேட்டது கெடச்சிடுச்சே. இன்னும் இன்னா கோவம்?"

 "தோத்ததுக்குக் கோவம் இல்ல தேவகி. நான் பட்டினி கெடந்தப்ப அவருக்குத் தெரியும். அது ஒண்ணுதான் தாங்க முடியல" என்றார்.



போர்டு எழுதுகிறவர் இழுத்தடித்து, பங்குனியில்தான் கொண்டுவந்தார். மாட்டுகிற அன்று காலையில், ஊரில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மழை. நாங்கள் ஷெட்டுக்குப் போனபோது மாமனாரைக் கூட்டிப் போகவில்லை. கூப்பிட்டேன், வரவில்லை என்றுவிட்டார். போர்டு மாட்டி, தேங்காய் உடைத்து, எல்லாரும் ஜிலேபி தின்றுகொண்டிருந்தபோது பார்த்தால், வாசலில் நிற்கிறார். குடையில்லாமல் நடந்தே வந்திருக்கிறார். வேட்டியும் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கிடந்தன.

போர்டை அண்ணாந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "நல்லா எழுதிருக்கான்" என்றார் யாரிடமும் சொல்லாமல்.

உள்ளே வந்தவர் கண்ணில் மூலையில் இருந்த எடை மிஷின் பட்டது. புதிது. சிவப்பு எழுத்தில் எண் காட்டும். அதன் பக்கத்தில் போய் நின்றார். காலைத் தூக்கி வைக்கப் போனவர், வைக்காமல் நின்றுவிட்டார்.

"தேவகி, துண்டு இருக்குதாம்மா?"

ரிங் கயிற்றில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். சட்டையைக் கழற்றினார். தலையைத் துவட்டினார். கை, மார்பு, முதுகு எட்டுகிற வரைக்கும். குனிந்து ஒவ்வொரு காலாகத் துடைத்தார். வேட்டியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அரை டவுசரோடு நின்றார். ஜிலேபி தின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எவரையும் பார்க்கவில்லை.

மிஷின் மேல் ஏறினார். எண்ணைப் பார்க்காமல், நேராக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேகரு. வந்து பாத்துச் சொல்லு. சத்தமா சொல்லு."

என் வழியாக இல்லை. நேராக.

என் கணவர் கையில் இருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அம்பத்திநாலு."

"கழிவு?"

"கழிவு இல்லப்பா."

மாமனார் தலையை ஆட்டினார். "அப்போ நான் உன் எடையில இல்ல. தப்பிச்சடா, போ" என்றார்.

என் கணவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "மொதல்ல எறங்குப்பா, தரை ஈரமா இருக்குது, பாத்து" என்று கையை நீட்டினார். மாமனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.